கடலூர், புதுச்சேரியிலிருந்து டிராக் சைக்கிள் ஸ்பிரிண்டுக்கு: ஒரு அம்மா எழுதும் வழிகாட்டி

என் மகன் சைக்கிளில் 200 மீட்டரைப் பறந்து கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் பன்னிரண்டு விநாடிக்கும் குறைவு. அவன் பெயருக்கு முன்னால் இருக்கும் ‘மு’ என்ற ஓரெழுத்தைச் சரிசெய்ய எனக்கு ஆனது ஏழு மாதம். ஆதாரில் அந்த இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருந்தது, பள்ளிப் பதிவேட்டில் முன்னால் இருந்தது, பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை. அந்த ஏழு மாதத்தில் ஒரு பயிற்சி முகாமும் இரண்டு போட்டிகளும் கைவிட்டுப் போயின.

எங்கள் வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில். வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அதனால் மனு எழுதுவது, வரிசையில் நிற்பது, ஜெராக்ஸ் எடுப்பது எல்லாம் நான்தான். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் காமன்வெல்த், ஆசிய விளையாட்டு மாதிரிப் பெரிய மேடையில் ஆண்கள் ஸ்பிரிண்டில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், பெற்றோர் எதை எப்போது செய்ய வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன். பெண்பிள்ளைகளுக்கும் காகிதம் இதேதான்.

1. முதலில் போட்டி என்னவென்று உட்கார்ந்து பாருங்கள்

சைக்கிள் பந்தயம் என்றால் நம் ஊரில் எல்லோர் மனதிலும் ரோட்டுப் பந்தயம்தான் வரும். ஸ்பிரிண்ட் அப்படி இல்லை. பெரிய போட்டிகள் நடக்கும் வெலோட்ரோமில், அதாவது சைக்கிள் பந்தயத்துக்கென்றே கட்டிய தடத்தில், ஒரு சுற்று 250 மீட்டர், வளைவுகள் நிற்க முடியாத அளவுக்குச் சரிந்திருக்கும். சைக்கிளில் பிரேக் கிடையாது. பெடல் சுற்றினால்தான் சக்கரம் சுற்றும், சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியே தீரும்.

முதலில் தகுதிச் சுற்று. ஒவ்வொருவராகத் தனியே ஓட்டுவார்கள். 250 மீட்டர் தடத்தில் மூன்றரைச் சுற்று. வேகம் ஏற்றிக்கொண்டே போய், மேலிருந்து இறங்கி, கடைசி 200 மீட்டருக்கு மட்டும் நேரம் எடுப்பார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் ஹாரி லாவ்ரைசன் 9.088 விநாடியில் கடந்தார், மணிக்கு 79 கிலோமீட்டருக்கு மேல். அவரே அங்கு தங்கமும் வாங்கினார்.

அந்த நேரத்தை வைத்து இருவர் இருவராகச் சேர்த்து மோத விடுவார்கள். வேகமானவருக்கு எதிரே மெதுவானவர் வருவார், அதனால் தகுதிச் சுற்றில் ஒரு பத்தில் ஒரு விநாடி தவறினாலும் அடுத்த சுற்றில் கடினமான ஆள் எதிரே நிற்பார். 250 மீட்டர் தடத்தில் மோதல் மூன்று சுற்று. முதல் இரண்டு சுற்றைப் பார்த்தால் புதிதாகப் பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது, இருவரும் நடை வேகத்தில் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவார்கள். சில நேரம் சைக்கிளை அசையாமல் நிறுத்திவிடுவார்கள். அதற்கும் 30 விநாடிதான் அனுமதி. முன்னால் போகிறவருக்குக் காற்று முகத்தில் அடிக்கும், பின்னால் இருப்பவர் அந்த மறைவில் வலுவைச் சேர்த்துவைப்பார். அதனால்தான் அந்தத் தயக்கம். கடைசி 200 மீட்டரில் முன்னால் இருப்பவர் சிவப்புக் கோட்டுக்கு உள்ளே இருக்கும் பாதையைப் பிடித்துவிட்டால் எதிராளியை மறிக்க அதிலிருந்து விலகக் கூடாது. பின்னால் வருபவர் வெளிப்பக்கமாகத்தான் தாண்ட வேண்டும். காலிறுதியிலிருந்து மூன்று ஓட்டத்தில் இரண்டை வென்றால் வெற்றி.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பத்து கிலோமீட்டர் ஓட்டினாலும் களைக்காத பிள்ளை வேறு, பத்து விநாடிக்கு வெடிக்கிற பிள்ளை வேறு. உங்கள் பிள்ளை எந்த வகை என்று தெரியாமல் காசைக் கொட்ட வேண்டாம்.

2. சைக்கிள் வாங்காதீர்கள், இப்போதைக்கு

பலரும் செய்கிற முதல் தவறு, ஆர்வத்தில் உடனே டிராக் சைக்கிள் வாங்கிவிடுவது. அதற்கு முன்னால் இலவசமாகவே பார்க்க வழி இருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் அண்ணா பிறந்தநாளையொட்டி தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் சைக்கிள் போட்டி நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவு. இந்தியாவில் செய்த சாதாரண கைப்பிடிச் சைக்கிள் போதும். தலைமையாசிரியரிடம் வயதுச் சான்று வாங்கிக்கொள்ள வேண்டும், வங்கிப் பாஸ்புக் நகலும் கேட்பார்கள். கடலூரில் விசாரிக்க வேண்டிய இடம் அண்ணா விளையாட்டு அரங்கத்தில் இருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலகம். புதுச்சேரிக்காரர்கள் உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் கேளுங்கள். 2022இல் என் மகன் அந்தப் போட்டியில் பரிசு எதுவும் வாங்கவில்லை. ஆனால் கடைசி முந்நூறு மீட்டரில் ஒன்பது பேரைத் தாண்டி வந்தான். அதைப் பார்த்த ஓர் உடற்கல்வி ஆசிரியர்தான் ‘இவன் ஸ்பிரிண்டுக்கு’ என்று முதலில் சொன்னார்.

அப்புறம் கடலூர் பக்கத்துக் கேப்பர் மலை. அதன் ஏற்றத்தில் நின்ற இடத்திலிருந்து இருபது விநாடி முழு வலுவோடு மிதிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் ஓய்வு, மறுபடி. விடியற்காலையில், ஒரு பெரியவர் மேலே நின்று வண்டி வருகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று மாதம் கழித்தும் பிள்ளை தானாக எழுந்து வந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பிரேக் இல்லாத டிராக் சைக்கிளைக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ சிதம்பரம் சாலையிலோ ஓட்ட விடாதீர்கள். ரோட்டில் பழக வேண்டுமென்றால் முன் பிரேக் பொருத்திவிட்டுத்தான்.

3. தடம் எங்கே இருக்கிறது

கடலூரிலும் புதுச்சேரியிலும் வெலோட்ரோம் இல்லை. நமக்குப் பக்கத்தில் இருப்பது மேலக்கோட்டையூரில், தமிழ்நாடு உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் இருக்கிறது. திண்டிவனம், செங்கல்பட்டு வழியாகப் போகும் பேருந்தில் ஏறிக் கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து கேளம்பாக்கம் பக்கம் போகும் பேருந்தைப் பிடியுங்கள். ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கடற்கரைச் சாலை வழியாகப் போகும் பேருந்து வண்டலூர்ப் பக்கமே போகாது. முதல் தடவை நாங்கள் அதில் ஏறிவிட்டு, சைக்கிள் பையைத் தூக்கிக்கொண்டு அரை நாள் அலைந்தோம்.

போவதற்கு முன் பல்கலைக்கழகத்திலோ பயிற்சியாளரிடமோ கேட்டு அனுமதி வாங்கிவிடுங்கள். அடையாள அட்டை, பெற்றோர் ஒப்புதல் கடிதம், மருத்துவரிடம் உடல் தகுதிச் சான்று மூன்றும் கையில் இருக்கட்டும். அது திறந்தவெளித் தடம், மழை ஈரத்தில் சரிவில் ஏறக் கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானிலை பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

இரண்டாவது வழி திருவனந்தபுரம் காரியவட்டம். அங்கே லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியில் வெலோட்ரோம் இருக்கிறது. விழுப்புரத்தில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏறினால் நேராகப் போய்விடலாம். மரத்தடம், 250 மீட்டர் என்றால் டெல்லி இந்திரா காந்தி விளையாட்டு வளாகம். 2010 காமன்வெல்த்துக்காகக் கட்டியது, தேசிய சைக்கிள் அகாதெமியும் அங்கேதான். நல்ல நேரம் வந்த பிறகு போக வேண்டிய இடம் அது.

4. பிறப்புச் சான்றிதழ், பெயர், இனிஷியல்

இதைத்தான் முதல் படியாகவே போட்டிருக்க வேண்டும். பிள்ளை மலையேறிப் பழகிக்கொண்டிருக்கும் அந்த மூன்று மாதத்தில் நீங்கள் இதை முடித்துவிடுங்கள்.

கடலூர்க்காரர்கள் நிறையப் பேருக்குப் பிரசவம் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் நடந்திருக்கும். என் மகனும் 2008இல் அங்கேதான் பிறந்தான். அந்தப் பிறப்பு தமிழ்நாட்டுப் பதிவில் இருக்காது. நான் கடலூரில் இரண்டு மாதம் தேடிக்கொண்டிருந்தேன். பிறந்த இடம் எதுவோ அந்த ஊரில்தான் பதிவு. ஜிப்மர் என்றால் உழவர்கரை நகராட்சி. மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, பெற்றோர் இருவரின் ஆதார், பிறந்த தேதியும் நேரமும் எழுதிய தாள் இவற்றோடு போங்கள்.

சான்றிதழில் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் பதிவான நாளிலிருந்து 15 ஆண்டுக்குள் பெயரைச் சேர்க்க வேண்டும். இன்றே எடுத்துப் பாருங்கள். எங்களுக்கு அந்தக் கெடு முடிய ஒரு வருடம்கூட மீதியில்லை. 2023 அக்டோபர் 1ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு வேறு சான்றுகளும் ஏற்பார்கள். ஆனாலும் விளையாட்டில் வயதுப் பிரிவு என்று வந்துவிட்டால் எல்லோரும் முதலில் கேட்பது பிறப்புச் சான்றிதழைத்தான்.

பெயரை எழுதும்போது ஒரே எழுத்துக்கூட்டல். வெள்ளைத் தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே பார்த்து எழுதுங்கள். வரிசை முக்கியம்: முதலில் பிறப்புச் சான்றிதழ், அடுத்து பள்ளி, அடுத்து ஆதார், கடைசியில் பாஸ்போர்ட். பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாராகும்போதே சரிபாருங்கள். மதிப்பெண் பட்டியல் அச்சாகி வந்த பிறகு திருத்துவது பெரும்பாடு. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம், பிறந்த தேதியை ஒரே முறை. அவசரப்பட்டு ஒன்றை வீணாக்கிவிடாதீர்கள். 15 வயது முடிந்ததும் கைரேகை, கண் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதையும் அதே நடையில் முடித்துவிடுங்கள்.

இனிஷியல் விஷயம்: பாஸ்போர்ட்டில் ஒற்றை எழுத்து போட முடியாது, விரித்து எழுத வேண்டும். பிள்ளையின் பெயர் ஒரு கட்டத்தில், அப்பாவின் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில். ஒரே பெயரோடு பாஸ்போர்ட் எடுத்தால் சில நாடுகளில் விசாவுக்குச் சிக்கல் வரும்.

5. கடலூரா, புதுச்சேரியா?

நம் பகுதிக்கென்றே இருக்கிற சிக்கல் இது. வீடு கடலூரில் இருக்கும், பள்ளி பாகூரிலோ புதுச்சேரி நகரத்திலோ இருக்கும். கன்னியக்கோவில் தாண்டினால் வேறு மாநிலப் பகுதி. பேருந்தில் போகும்போது நமக்கு அது தோன்றுவதே இல்லை, போட்டி என்று வந்துவிட்டால் அந்த எல்லை பெரிய சுவராக நிற்கும்.

பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் பள்ளி எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்குத்தான் ஓட்ட முடியும். சங்கம் நடத்தும் மாநில, தேசியப் போட்டிகளுக்கு மாநிலச் சங்கத்தில் பதிய வேண்டும். என் மகன் பத்தாம் வகுப்பு வரை கடலூரில் படித்தான், தமிழ்நாட்டில் பதிந்திருந்தான். பதினொன்றாம் வகுப்புக்குப் புதுச்சேரிப் பள்ளியில் சேர்த்தோம். ‘இங்கே படிக்கிறாய், இங்கேதான் ஓட்ட வேண்டும்’ என்று ஒருவர் சொன்னார். ‘அங்கே பதிவு இருக்கும்போது இங்கே எப்படி எடுப்பது’ என்று இன்னொருவர் கேட்டார். தடையில்லாச் சான்று என்று ஒன்று வேண்டும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அது வருவதற்குள் அந்த ஆண்டின் அணித் தேர்வு முடிந்துவிட்டது.

அதனால் பள்ளி மாற்றுவதற்கு முன்பே இரண்டு பக்கமும் நேரில் போய்க் கேளுங்கள். எந்தப் பக்கம் என்று ஒரு முடிவு எடுத்துவிட்டுக் குறைந்தது அந்த ஆண்டு முழுக்க அதிலேயே இருங்கள். மாறியே ஆக வேண்டும் என்றால் எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாய்மொழியாக ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொன்னதை நம்பி ஒரு பருவத்தை இழந்தவள் நான்.

பெரிய வீரர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. 2022 காமன்வெல்த்தில் ஆண்கள் ஸ்பிரிண்ட் தங்கம் வென்ற மாத்யூ ரிச்சர்ட்சன் ஆஸ்திரேலியாவுக்காக ஓட்டினார். பாரிஸ் ஒலிம்பிக் முடிந்ததும் பிரிட்டன் பக்கம் மாறினார். இனி எங்கள் அணியில் அவருக்கு இடமில்லை என்று ஆஸ்திரேலியச் சங்கம் அறிவித்துவிட்டது.

புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இன்னொன்று. அப்பாவோ தாத்தாவோ வழியாகப் பிள்ளைக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தால், இந்திய அணியில் ஓட்ட முடியாது. வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் அட்டை இருந்தாலும் போதாது, இந்தியப் பாஸ்போர்ட் வேண்டும் என்பது 2008 முதல் மத்திய அரசின் முடிவு. குடியுரிமையைப் பதினெட்டு வயதில் முடிவு செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடும் வீடுகள் உண்டு. பிள்ளை விளையாட்டில் இறங்கினால் முன்னதாகவே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

6. யூசிஐ எண்ணும் வயதுக் கணக்கும்

சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யூசிஐயின் எண் இல்லாமல் சர்வதேசப் போட்டியில் பெயர் சேராது. பதினொரு இலக்க எண், ஆள் மாறாதவரை அதுவும் மாறாது. உரிமம் மட்டும் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரைதான் செல்லும். இந்திய சைக்கிள் சம்மேளனம் வழியாகத்தான் வாங்க வேண்டும். டிசம்பர் கடைசியிலேயே புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே இருக்க வேண்டும், எங்கள் ‘மு’ இரண்டாவது முறை மாட்டியது இங்கேதான்.

வயதை இவர்கள் பிறந்த நாளை வைத்துப் பார்ப்பதில்லை, பிறந்த ஆண்டை வைத்துத்தான் பார்ப்பார்கள். 17, 18 ஜூனியர். 2008இல் ஜனவரியில் பிறந்திருந்தாலும் டிசம்பரில் பிறந்திருந்தாலும் 2025, 2026 இரண்டு ஆண்டும் ஜூனியர்.

7. பாஸ்போர்ட்

கடலூரில் தபால் நிலையத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. இணையத்தில் விண்ணப்பித்து நாள் வாங்கிக்கொண்டு அசல் சான்றுகளோடு போனால் போதும்.

18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், ஆனால் அந்தப் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்கோ 18 வயது முடியும் வரையோ, எது முதலில் வருகிறதோ அதுவரைதான். பிள்ளைக்கு 15 வயது முடிந்துவிட்டால் 1,500 ரூபாய் கட்டிப் பத்தாண்டுப் பாஸ்போர்ட் எடுக்கலாம். ஐந்நூறு ரூபாயைப் பார்க்காதீர்கள். பதினாறு வயதில் சிறுவர் பாஸ்போர்ட் எடுத்தால் சரியாக அணித் தேர்வு நேரத்தில் காலாவதி ஆகும். பல நாடுகள் ஆறு மாத அவகாசம் மீதியிருக்க வேண்டும் என்று கேட்கும்.

சிறுவர்களுக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட இணைப்பு ‘டி’ படிவம் வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் கடலில் இருந்ததால் ஒருமுறை நாள் தவறிப்போனது. இப்போது கையெழுத்து வேண்டிய எல்லா வேலையையும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்கிறேன். விசைப்படகுக் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை.

8. சைக்கிளும் செலவும்

ஆறு மாதம் தடத்தில் இரவல் சைக்கிள் ஓட்டிய பிறகு வாங்குங்கள். எங்களுக்குப் பயன்படுத்திய அலுமினியச் சட்டம் 42,000 ரூபாய்க்குக் கிடைத்தது. ஹெல்மெட், ஷூ, பெடல் சேர்த்து இன்னொரு 14,000. டயரும் செயினும் ஸ்பிராக்கெட்டும் தேயத் தேய மாற்ற வேண்டும், அதுதான் தொடர்ந்து வரும் செலவு. பழக ஆரம்பிக்கும் பிள்ளைக்கு முன்னால் 48 பல், பின்னால் 15 பல் போதும். பெரிய வீரர்கள் பெரிய கியர் போடுகிறார்கள் என்று பார்த்துப் போட்டால் முழங்கால் போய்விடும்.

போட்டிக்கான சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறைவாக இருக்கக் கூடாது. எடை குறைவு என்று சொல்லி விற்பவர்களிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் உதவிக்குத் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையில் இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கும் உபகரணத்துக்கும் உதவுகிறார்கள். போட்டி அழைப்புக் கடிதம், வென்ற சான்றிதழ்கள், விலைப்பட்டியல் வேண்டும். பில் இல்லாமல் வாங்கிய எதற்கும் பின்னால் கணக்குக் காட்ட முடியாது, டயர் வாங்கினாலும் பில் கேளுங்கள்.

9. மாத்திரை, மருந்து, பவுடர்

தேசிய அளவுக்குப் போய்விட்டால் எப்போது வேண்டுமானாலும் சிறுநீர் மாதிரி கேட்பார்கள். தடை செய்த பொருட்களின் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் புதிதாக வரும். சளிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையிலும் தடை செய்த பொருள் இருக்கலாம். தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை மருந்துப் பெயரைப் போட்டுப் பார்க்க ஒரு செயலி வைத்திருக்கிறது, அதில் பார்க்காமல் எதையும் கொடுக்காதீர்கள். மருத்துவச் சீட்டு ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். உண்மையாகவே அந்த மருந்து தேவை என்றால் முன்கூட்டி விலக்குக் கேட்கும் வழி இருக்கிறது. லேபிள் இல்லாத பவுடரும் லேகியமும் வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம்.

10. பெரிய போட்டிக்குப் பெயர் போகும் வழி

காமன்வெல்த்துக்கோ ஆசிய விளையாட்டுக்கோ நாமாக விண்ணப்பிக்க முடியாது. மாவட்டம், மாநிலம், தேசியப் போட்டி, தேசிய முகாம், அதற்குப் பிறகு இந்திய சைக்கிள் சம்மேளனம் பரிந்துரைக்க, இந்திய ஒலிம்பிக் சங்கம் பெயரை அனுப்பும். ‘நேராக உள்ளே சேர்த்துவிடுகிறேன்’ என்று பணம் கேட்டு வருபவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். எங்களிடமும் ஒருவர் வந்தார்.

கடற்கரைப் பிள்ளைக்கு இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு நான் ஈசோ ஆல்பனைச் சொல்வேன். கார் நிகோபார் தீவுப் பையன். 2018இல் ஜூனியர் உலகப் போட்டியில் கெய்ரின் பிரிவில் (மோட்டார் வண்டியின் பின்னால் பலர் சேர்ந்து வேகமேற்றி, அது விலகியதும் முந்தும் பந்தயம்) வெள்ளி. மறு ஆண்டு அதே ஜூனியர் உலகப் போட்டியில், அணியாக ஓட்டும் டீம் ஸ்பிரிண்டில் தங்கம் வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அதே அணியில் இருந்த மணிப்பூரின் ரொனால்டோ சிங் 2022இல் டெல்லியில் ஆசிய டிராக் போட்டியின் ஸ்பிரிண்டில் வெள்ளி வாங்கினார்.

2030 காமன்வெல்த் அகமதாபாத்துக்கு வருகிறது. இப்போது பதின்மூன்று, பதினான்கு வயதில் இருக்கும் பிள்ளைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காகித வேலைக்கு ஒரு வருடம், தடத்தில் பழக இரண்டு வருடம் என்று வையுங்கள். அப்போதும் தேசியப் போட்டிகளில் நேரத்தைக் குறைக்க ஓரிரு பருவம்தான் கையில் இருக்கும்.

கடைசியாக, அசல் சான்றுகளை வைக்கும் இடம். 2011 டிசம்பர் 30 தானே புயலில் எங்கள் வீட்டு ஓடு பறந்தபோது பெட்டியில் இருந்த காகிதம் எல்லாம் நனைந்து ஒட்டிப்போனது. மகனின் டிஸ்சார்ஜ் சீட்டு அதில்தான் இருந்தது. இப்போது ஒவ்வோர் அசலையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூடி இறுக்கமான டப்பாவில் மேல் அலமாரியில் வைக்கிறேன். டிஜிலாக்கரில் ஏற்ற முடிந்ததை ஏற்றியாயிற்று. ஒரு செட் ஜெராக்ஸ், ஆறு பாஸ்போர்ட் அளவுப் படம், ஒரு நீலப் பேனா இவற்றோடு இன்னொரு பை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. தொலைபேசி வந்ததும் அதை மாட்டிக்கொண்டு முதல் பேருந்துக்குக் கிளம்ப வேண்டியதுதான்.